கேள்வி பதில்: கஜானாவைப் பொறுப்பாக நடத்துவது எந்தக் கட்சி?

கேள்வி: வலதுசாரிகள் சிக்கனக்காரர்கள், இடதுசாரிகள் ஊதாரிகள் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவை வைத்தே ஒரு முடிவு சொல்லுங்களேன்?

பதில்: சரி, அமெரிக்காவையே பார்ப்போம். 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகள் அங்கே பட்ஜெட்டில் உபரி. அதற்கப்புறம் ஒரு வருடம்கூட இல்லை. அது அப்போதைய அதிபர், எங்கள் கிளிண்டன் செய்தது என்பார்கள் இடது பக்கம் சாயும் ஜனநாயகக் கட்சியினர். 1995-லிருந்து நாடாளுமன்றம் எங்கள் கையில்தான் இருந்தது, செலவை இழுத்துப் பிடித்ததே நாங்கள்தான் என்பார்கள் வலதுசாரிகளான குடியரசுக் கட்சியினர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் புது வரி போட மாட்டேன் என்று 1988-ல் வாக்குக் கொடுத்துவிட்டு, 1990-ல் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து பேசி வரியையும் ஏற்றிச் செலவுக்கும் வரம்பு கட்டிய, கிளிண்டனுக்கு முந்தைய குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ்ஷை இரு தரப்புமே பேசுவதில்லை. அவர் 1992 தேர்தலில் தோற்றார்.

1993 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கிளிண்டனின் வரி உயர்வு மசோதா கீழ்சபையில் 218-க்கு 216 என்று மயிரிழையில் தப்பியது. மார்ஜரி மார்கோலிஸ் மெஸ்வின்ஸ்கி என்ற முதல்முறை உறுப்பினர், வரியை ஏற்ற மாட்டேன் என்று தொகுதியில் சொல்லி ஜெயித்தவர், கடைசி நேரத்தில் ஆதரித்து ஓட்டுப் போட்டார். எதிர்வரிசைக்காரர்கள் அங்கேயே கையை ஆட்டி அவருக்கு ‘பை பை’ சொன்னார்கள். சொன்னபடியே அடுத்த வருடம் தோற்றுப்போனார். பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான், இதற்குக் கட்சி நிறம் கிடையாது.

கேள்வி: பற்றாக்குறை எந்த ஆட்சியில் அதிகம் என்று பட்டியல் போட்டால் தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. 2009 நிதியாண்டில் பற்றாக்குறை சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். யார் கணக்கில் எழுதுவீர்கள்? அந்த நிதியாண்டு தொடங்கியது 2008 அக்டோபரில், இளைய புஷ் ஆட்சியில். ஒபாமா பதவியேற்றது ஜனவரியில். நடுவில் வங்கிகள் சரிந்து வரி வருமானமே படுத்துவிட்டது. நெருக்கடியில் கடன் வாங்குவதை நான் குற்றமாகவே பார்க்கவில்லை. நல்ல காலத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். 2019-ல் வேலையில்லாத் திண்டாட்டம் குறைவு, வியாபாரம் நன்றாக நடக்கிறது, அப்போதும் டிரம்ப் ஆட்சியில் பற்றாக்குறை கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி டாலர். 2017 வரிக்குறைப்பு ஒரு காரணம், அதன்மேல் 2018-ல் இரு கட்சிகளும் கைகோத்து ஏற்றிய செலவு இன்னொன்று. 2023-ல் பைடன் ஆட்சியிலும் அதே நல்ல நிலைமை, பற்றாக்குறை 1.7 லட்சம் கோடி. இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் அடுத்த நெருக்கடிக்குக் கையில் மிச்சம் வைக்க வேண்டிய வருடங்கள் அவை.

கேள்வி: மற்ற நாடுகளில்?

பதில்: கனடாவில் 1995-ல் கடுமையாகச் செலவைக் குறைத்து, மூன்றே வருடத்தில் உபரிக்குக் கொண்டுவந்தது லிபரல் கட்சி. மாகாணங்களுக்குத் தரும் பணத்திலும் கைவைத்தார்கள் என்பதால் சுமையில் ஒரு பங்கு அங்கே போய் இறங்கியது, அதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பிரிட்டனில் சிக்கனத்துக்குப் பெயர் வாங்கிய கன்சர்வேட்டிவ் கட்சிதான் 2022 செப்டம்பரில், பணத்துக்கு வழி சொல்லாமல் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தது. கணக்குச் சரிபார்க்கச் சுயேச்சையான பட்ஜெட் அலுவலகம் ஒன்று அங்கே இருக்கிறது, அதன் மதிப்பீட்டை வெளியிடாமலே அறிவித்தார்கள். அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள் மிரண்டு பத்திரங்களை விற்கத் தொடங்க, ஐந்தே நாளில் மத்திய வங்கி இறங்கி அரசுக் கடன் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று, அடுத்த மாதமே பிரதமர் லிஸ் டிரஸ் விலகுவதாக அறிவித்தார்.

கேள்வி: சாதாரண வாக்காளர் எதைத்தான் பார்ப்பது?

பதில்: வாக்குறுதிக்குப் பக்கத்தில் ‘பணம் எங்கிருந்து’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், அந்தக் கணக்கை வெளியாள் யாராவது பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். கிரீஸில் 2009-ல் ஆட்சி மாறியபோதுதான், முந்தைய அரசு காட்டியதைவிடப் பற்றாக்குறை பல மடங்கு பெரியது என்று வெளியே வந்தது. இறுதிக் கணக்கில் நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டி அதை அடைத்தவர்கள், அந்தப் பொய்க் கணக்கை எழுதியவர்கள் அல்ல.