தாடை வலிக்கு மலப் பரிசோதனையா?

கேள்வி: வயது 36. இரண்டு வருடமாக இடது தாடையில் வலி. வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்கிறது. வயிறும் உப்புசம். தினமும் ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். குடல் பாக்டீரியா கெட்டதால்தான் முகம் வலிக்கிறது என்று மலப் பரிசோதனையும் மூன்று மாத புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) பேக்கேஜும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஐபிஎஸ் என்கிற குடல் தொல்லையும் சேர்ந்திருப்பது சகஜம். அதற்காகக் குடல்தான் தாடையைக் கெடுத்தது என்று ஆகிவிடாது. தூக்கம் போய், கவலை ஏறி, வலி நரம்புகள் எந்நேரமும் உஷாராக இருந்தால் வயிறும் படுத்தும், தாடையும் படுத்தும். எந்தக் கிருமி எத்தனை சதவீதம் என்று கலர் கலராக வரும் ரிப்போர்ட்டை வைத்துத் தாடைக்கு வைத்தியம் பார்க்க இன்றைக்கு வழியில்லை. விற்கிறவர்களுக்கும் இது தெரியும். தயிர் சாப்பிடுங்கள், பேக்கேஜை விடுங்கள்.

உங்கள் வயிற்றைப் பற்றி எனக்குள்ள சந்தேகம் அந்தத் தினசரி மாத்திரை மேல்தான். அது இரைப்பையைப் புண்ணாக்கும். அதற்கு ஒரு கேஸ் மாத்திரை சேரும். கடைக்காரர் சீட்டே கேட்காமல் இரண்டையும் கொடுப்பார். இரவில் புளித்து மேலேறும் அமிலத்துக்கும் தூக்கத்தில் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு. மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பல் டாக்டர் காது டாக்டரிடம் அனுப்புவார், அவர் நரம்பு டாக்டரிடம். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, "வாயைத் திறங்கம்மா" என்று சொல்ல ஒருவருக்கும் நேரமிருக்காது. நடுவில் நல்ல பல் ஒன்று போய்விடும். எக்ஸ்ரேயில் கோளாறு தெரியாத பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ அவசரப்படாதீர்கள்.

உங்கள் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மூட்டு ஓரளவு நன்றாகவே திறக்கிறது. வெறும் 'டக்' சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக்கூடாது. சில வாரம் முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு கதை. மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறதா? கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், ஏப்பம்? நம் ஊரில் இதற்கு உடனே 'வாயு' என்று பெயர் வைத்து இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுப்பார்கள். நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் அப்படி வருவது அதிகம். படி ஏறினால் மட்டும் வலி என்றால் அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் பல் டாக்டரிடம் வரிசையில் உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.