காட்டுப் பாதையில் எதிர்ப்படுபவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்டுப் பாதைகளில் தனியாக நடப்பது என் வழக்கம். அண்மையில் எதிரே வந்த ஒருவர் நின்று, "தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டார். "பின்னால் வீட்டார் வருகிறார்கள்" என்று பொய் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். முன்பின் அறியாத ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டேனோ என்று உறுத்துகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அவரைக் குற்றவாளியாக்கவில்லை, விலகி வந்தீர்கள், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லத்தான் சான்று வேண்டும்; விலகுவதற்கு ஐயமே போதும். அவரை நம்பி நின்று அந்த நம்பிக்கை பொய்த்திருந்தால் உங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதையும், நீங்கள் ஐயுற்றதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

காட்டில் தனியே எதிர்ப்பட வேண்டுமென்றால் கரடியா, அறியாத ஆணா என்ற கேள்வி 2024இல் இணையத்தில் பரவியபோது பெண்கள் பலர் கரடியைத் தேர்ந்தார்கள். புண்பட்ட ஆண்கள், பெண்களுக்கு ஆபத்து அறியாதவர்களைவிடத் தெரிந்தவர்களிடமிருந்தே அதிகம் என்று புள்ளிவிவரங்களோடு வந்தார்கள். 2023இல் உலகெங்கும் கொலையுண்ட பெண்களும் சிறுமியரும் ஏறத்தாழ 85,000 பேர் என்றும், அவர்களில் 60 விழுக்காட்டினரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தினரோதான் என்றும் ஐ.நா. மதிப்பிட்டிருப்பது உண்மை. ஆனால் பெண்கள் தங்கள் பொழுதின் பெரும்பகுதியைத் தெரிந்தவர்களோடுதான் கழிக்கிறார்கள். சாட்சியும் உதவியும் இல்லாத இடத்தில் எதிரே நிற்கும் இந்த ஒருவரைப் பற்றி அந்தக் கணக்கு எதையும் சொல்வதில்லை.

எனக்கு உறுத்தலாக இருப்பது அவருடைய கேள்விதான். வழி கேட்கலாம், மழை வருமா என்று கேட்கலாம். தனியாக வந்தீர்களா என்று கேட்பவர், அக்கறையால் கேட்டாலும், அந்தப் பெண் மறைத்தே ஆக வேண்டிய ஒன்றைக் கேட்கிறார். பின்னாலிருந்து வரும்போது தொலைவிலேயே குரல் கொடுத்துவிட்டுக் கடந்துபோவதும், குறுகிய இடத்தில் ஒதுங்கி வழிவிடுவதும், அவளுடைய நடைக்கு இணையாகத் தொடர்ந்து வராமல் சற்று நின்று இடைவெளி விடுவதும் ஆண்களுக்குக் கடினமல்ல. (இவ்வளவுமா என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கும் உண்டு.)

சொன்ன பொய்க்காக வருந்த வேண்டாம், அதை மட்டுமே நம்பியும் இருக்க வேண்டாம். சிக்னல் இல்லாத காட்டிலும் கைபேசியின் ஜிபிஎஸ் இயங்கும் என்றாலும், இருக்குமிடம் உங்களுக்குத் தெரியுமே தவிரப் பிறருக்குப் போய்ச் சேராது. ஆகவே, போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அந்த நேரம் கடந்தும் நீங்கள் வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.