இரண்டும் ஓர் எழுத்துதான், ஒன்று மட்டும் ஏன் சிக்கல்?

கேள்வி: குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன், மருத்துவர் சொன்னதால் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். எச்பிபி என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. முதல் வரி ‘சி.9டி>சி, பி.ஹிஸ்3=’. அதற்கு எதிரே ‘தீங்கற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரி ‘சி.20ஏ>டி, பி.குளு7வால்’. அதற்கு எதிரே ‘நோய் உண்டாக்கும் மாற்றம், ஒரு பிரதியில் மட்டும்’. இரண்டிலும் மாறியிருப்பது ஓர் எழுத்துதானே? ஒன்று ஒன்றுமே செய்யாது, இன்னொன்று நோய் தரும் என்றால் எப்படி? எனக்கு உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. சாப்பாட்டாலோ மாத்திரையாலோ இதைச் சரிசெய்ய முடியுமா? பிள்ளைக்கு வந்துவிடுமா?

பதில்: உங்களுக்கு நோய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கான மாற்றம் உங்களிடம் இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது. இப்படி இருப்பவர்களைக் கேரியர் என்போம். நீங்கள் அடுத்துச் செய்யவேண்டிய அவசரமான வேலை, உங்கள் கணவரையும் பரிசோதிக்கச் சொல்வது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அறிக்கையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ‘பயப்படணுமா, வேண்டாமா’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ‘இரண்டும் ஓர் எழுத்துதானே’ என்று நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் செல்கள் எழுத்தை எப்படிப் புரதமாக மாற்றுகின்றன என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. அம்மாவிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்து, அப்பாவிடமிருந்து அதே அளவு. ஒரு செல்லுக்குள் இருப்பதை எல்லாம் நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் வடிவம் 1953-இல் தெரியவந்தது. ஓர் இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி, ஜி இருந்தால் சி. அதனால் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிடலாம். செல் பிரியும்போது நடப்பது அதுதான். ஆனால் ஒரே இழையில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. எந்த வரிசையிலும் வரலாம். அப்படி வர முடிவதால்தான் அந்த வரிசையில் செய்தியை எழுதிவைக்க முடிகிறது. வரிசை ஒரே மாதிரிதான் இருக்கும் என்றால் அதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்த நீண்ட எழுத்துச் சரத்தில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள், அதாவது மரபணுக்கள், சுமார் 20,000 இருக்கின்றன. உங்கள் எச்பிபி 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா குளோபின் என்ற புரதத்துக்கான குறிப்பு அது. மரபணுவின் நீளம் சுமார் 1,600 எழுத்து. அதில் புரதமாக மாறுவது 444 எழுத்து மட்டுமே.

மூலப் பிரதி செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. வேண்டிய மரபணுவை மட்டும் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படும். நகலில் டி வரவேண்டிய இடத்தில் யு வரும். (அறிக்கைகளில் டி என்றே எழுதுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அப்புறம் எச்பிபியின் நகலில் வேண்டாத இரண்டு துண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி மூன்று துண்டுகள் ஒட்டப்படும். அந்த நகல் வெளியே வந்து ரைபோசோம் என்ற எந்திரத்தில் ஏறும். ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டு சொன்னதற்குத்தான் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ரைபோசோம் எழுத்தை ஒவ்வொன்றாக வாசிப்பதில்லை, மும்மூன்றாக வாசிக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழிலேயே ஒரு வரி எழுதிப் பார்ப்போம். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள்:

இவன் மகன் நடும் மரம் பழம் தரும்

இதில் ‘ழ’வை ‘ண’ ஆக்குங்கள். ‘மரம் பணம் தரும்’ என்றாகிவிடும். ஒரு சொல்தான் மாறியது, மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பொருள் வேறு. இப்போது மாற்றாமல், ‘மகன்’ என்பதில் ‘க’வை எடுத்துவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரியுங்கள்:

இவன் மன்ந டும்ம ரம்ப ழம்த ரும்

அந்த இடத்திலிருந்து கடைசி வரை ஒன்றுமே புரியாது. ரைபோசோமுக்குச் சொல் இடைவெளி தெரியாது, எங்கே தொடங்கியதோ அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகும்.

நான்கு எழுத்தை மும்மூன்றாக அடுக்கினால் 64 சேர்க்கைகள் கிடைக்கும். கோத்துப் புரதம் செய்யப்படும் அமினோ அமிலங்களோ 20. மூன்று சேர்க்கைகள் ‘நிறுத்து’ என்று சொல்பவை. மீதி 61-உம் அமினோ அமிலங்களுக்கு. அதனால் பல அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. எந்தச் சேர்க்கைக்கு எந்த அமிலம் என்ற பட்டியலின் முதல் வரியை 1961-இல் கண்டுபிடித்தவர்கள் மார்ஷல் நைரன்பர்க்கும் ஹைன்ரிச் மத்தேயியும். யு மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைச் செல்சாற்றில் போட்டார்கள். ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலம் மட்டும் கோத்த சங்கிலி வந்தது. மீதிப் பட்டியலை நிரப்பியதில் ஹர் கோவிந்த் கொரானாவின் உழைப்பு பெரிது. வேண்டிய வரிசையில் ஆர்.என்.ஏ.வை வேதியியல் வழியில் தானே உருவாக்கிச் சோதித்தார். 1968-இல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். வரியின் முதலில் நிற்கும் ‘சி.’ என்பது எழுத்து சி அல்ல, புரதமாகும் பகுதியில் எத்தனையாவது எழுத்து என்பதற்கான அடையாளம். ‘பி.’ என்பது புரதம். எச்பிபியின் முதல் 21 எழுத்துகள் இவை:

ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி

எண்ணிப் பாருங்கள். 9-ஆவது எழுத்து, மூன்றாவது சொல்லின் கடைசி டி. உங்களிடம் அது சி. அதாவது சிஏடி என்பது சிஏசி ஆகியிருக்கிறது. இந்த இரண்டுமே ஹிஸ்டிடின் என்ற அதே அமினோ அமிலத்தைத்தான் கேட்கின்றன. அந்த அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வரும் சிறிய ஆர்.என்.ஏ. இரண்டு சொற்களுக்கும் வந்து பொருந்தும். வரும் புரதத்தில் துளி வித்தியாசம் இல்லை. அறிக்கையில் இருக்கும் ‘=’ குறி சொல்வது அதுதான். இந்த மாற்றம் உலகில் ஏராளமானோரிடம் இருக்கிறது. அதை மறந்துவிடுங்கள்.

20-ஆவது எழுத்து, ஏழாவது சொல்லின் நடு எழுத்து. ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகியிருக்கிறது. முதலாவது குளுட்டாமிக் அமிலம், இரண்டாவது வாலின். பதினோரு எழுத்துத் தள்ளி நடந்த அதே மாதிரி மாற்றம், ஆனால் இங்கே சொல்லே வேறாகிவிட்டது. (பழைய நூல்களில் இதை ஆறாவது இடம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ஏடிஜி கொண்டுவரும் முதல் அமினோ அமிலம் பின்னர் வெட்டப்பட்டுவிடும். அதைச் சேர்க்காமல் எண்ணியது பழைய முறை.)

இந்த ஏழாவது சொல்லில் எனக்குத் தனிப் பிரியம். மூன்றே எழுத்துக்குள் எல்லா வகை மாற்றத்தையும் காட்டிவிடலாம். கடைசி ஜி, ஏ ஆனால் ஜிஏஏ, அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான், புரதம் மாறாது. முதல் ஜி, ஏ ஆனால் ஏஏஜி, அது லைசின். ஹீமோகுளோபின் சி என்ற வேறு வகை உண்டாகும், தனியாக இருந்தால் பெரும்பாலும் மிதமானது. நடு ஏ, டி ஆனால் அரிவாள் செல். அதே நடு ஏ மாறாமல் விழுந்துவிட்டால்? ‘க’வை எடுத்த கதைதான். அங்கிருந்து 12 தவறான அமினோ அமிலங்கள் சேரும், அதற்கடுத்து தற்செயலாக ஒரு ‘நிறுத்து’ வந்துவிடும். 147 அமினோ அமிலம் கோக்க வேண்டிய இடத்தில் 18-இலேயே வேலை நின்றுபோகும். அது பீட்டா தலசீமியா, அதாவது பீட்டா குளோபின் போதிய அளவு உருவாகாத ரத்த நோய்க்கான மாற்றம்.

ஒரு அமினோ அமிலம் மாறுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டி நிற்கும், மின்னூட்டமும் உண்டு. வாலின் தண்ணீரை விட்டு ஒதுங்கும். புரதத்தின் வெளிப்புறத்தில் அப்படி ஒன்று முளைத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் அது பக்கத்து மூலக்கூறின் ஒரு குழியில் போய்ப் பொருந்திக்கொள்ளும். அது இன்னொன்றில், அது மற்றொன்றில். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். அவை நீண்ட கம்பிகளாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த செல் மெல்லிய ரத்தக்குழாயில் சிக்கும், வலி வரும், சீக்கிரம் உடையும். இதை மூலக்கூறு நோய் என்று லைனஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1949-இல் சொன்னார்கள். ஒரே ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது என்று சில ஆண்டுகளில் வெர்னான் இன்கிரம் காட்டினார்.

உங்களுக்கு ஏன் தொந்தரவு இல்லை? உங்கள் மற்ற பிரதி சரியானது. ஒவ்வொரு சிவப்பணுவிலும் இரண்டு வகை ஹீமோகுளோபினும் கலந்திருக்கும். நல்லது நடுவில் வந்துவிடுவதால் கம்பி நீள முடிவதில்லை. கேரியர்கள் சாதாரணமாக வாழ்கிறார்கள். மிகக் கடுமையான உடற்பயிற்சியின்போது தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

உணவோ மாத்திரையோ இந்த எழுத்தைத் திருத்தாது. சாப்பிடும் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து ரைபோசோமுக்குக் கச்சாப்பொருளாகத்தான் போகிறது. எந்த வரிசையில் கோப்பது என்று சொல்வது நகல், நகலுக்கு மூலம் டி.என்.ஏ. கேரியர் என்பதற்காக மட்டும் இரும்புச்சத்து மாத்திரை எடுக்காதீர்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் எல்லாருக்கும் தரும் ஃபோலிக் அமிலம் வேறு விஷயம், அதை நிறுத்த வேண்டாம். மரபணுத் திருத்த சிகிச்சை என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரிவாள் செல் நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்ட கிரிஸ்பர் சிகிச்சைகூட இந்த 20-ஆவது எழுத்தைத் தொடுவதில்லை. பிறந்த பிறகு அணைந்துபோகும் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி உற்பத்தி செய்ய வைக்கிறது. அது நோயாளிகளுக்கானது, உங்களுக்குத் தேவையே இல்லை.

இனி பிள்ளை. உங்கள் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் குழந்தைக்குப் போகும், எது போகும் என்பது சரிபாதி வாய்ப்பு. உங்கள் கணவருக்கு எச்பிபியில் சிக்கல் ஏதும் இல்லையென்றால், குழந்தை உங்களைப் போலக் கேரியராகலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தை நன்றாகப் பிறந்தால் அடுத்ததற்கு வாய்ப்பு கூடவோ குறையவோ செய்யாது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கணவரிடம் அரிவாள் செல் மாற்றமே இருக்கவேண்டும் என்பதில்லை. பீட்டா தலசீமியா கேரியராக இருந்தாலும், இரண்டும் ஒரே மரபணுவில் சேர்ந்து குழந்தைக்கு நோயைத் தரும். ஆகவே அரிவாள் வடிவம் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் எளிய சோதனை போதாது. முழு ரத்த எண்ணிக்கையோடு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனை கேளுங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் எச்பிபி மரபணுவைப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய அறிக்கையில் ‘சி.92+5ஜி>சி’ போலக் கூட்டல் குறியோடு ஒரு வரி வந்தால், புரதமாகாத பகுதிதானே என்று விட்டுவிடாதீர்கள். வெட்டி ஒட்டவேண்டிய இடத்தைக் காட்டும் எழுத்துகள் அங்கே இருக்கின்றன, அவை மாறினால் நகலே கோணலாகும். இதற்குள் கருத்தரித்துவிட்டீர்கள் என்றால் கணவரின் சோதனையை அந்த வாரமே முடியுங்கள். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனையைப் பொதுவாக 10 முதல் 13 வாரத்துக்குள் செய்வார்கள். இரண்டு பேருடைய அறிக்கையையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.