சாம்சங் ஏ56 போன் வாங்கலாமா, ஏ55 போதுமா? மார்ச் வரை தள்ளிப்போட முடியுமா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போக 36,000 ரூபாய் கையில் வருகிறது. அதில் பைக் கடனுக்கு 3,800, சீட்டுக்கு 2,000 போய்விடும். சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. என்னிடம் இருப்பது 2022 தொடக்கத்தில் வாங்கிய சாம்சங் ஏ52எஸ், இப்போது மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை. இந்த 2025 தீபாவளிக்குப் புதுசு வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். ஏ56 விலை 41,999, நோ காஸ்ட் இஎம்ஐயில் மாதம் 3,500 வீதம் 12 மாதம், ரொக்கம் என்றால் 39,000க்குத் தருகிறார்கள். போன வருட மாடல் ஏ55 ரொக்கத்துக்கு 28,000. இரண்டுமே 128 ஜிபி. போனஸ் 12,000 வரும். எதை வாங்கலாம்?

பதில்: இஎம்ஐயை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகமில்லை. ரொக்கம் 39,000, தவணை 42,000 என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், அந்த 3,000தான் வட்டி, பெயர் மட்டும்தான் நோ காஸ்ட். பேங்க் 15 சதவீத வட்டி போட்டால் 12 மாதத்துக்கு 3,200 ரூபாய் சொச்சம் வரும், அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த வட்டி மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கிரெடிட் கார்டு பில்லில்தான் ஏறும். அது ஒரு 580. பிராசசிங் கட்டணம் 199 என்று வைத்துக்கொண்டால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக மொத்தம் 42,800 பக்கம் வந்து நிற்கும், ரொக்கத்தைவிட 3,800 அதிகம். நடுவில் ஒரு மாதம் கார்டு பில் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம், அப்புறம் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி. சம்பளத்தில் ஏற்கெனவே 5,800 கட்டிப்போட்ட பணமாகப் போகிறவர் இன்னொரு 3,500ஐயும் சேர்த்துக் கட்டிப்போட வேண்டாம்.

சரி, இப்போது போனுக்கு வருவோம்.

ஏ55 வந்தது 2024 மார்ச், ஏ56 வந்தது 2025 மார்ச். இரண்டிலும் பேட்டரி அதே 5000 எம்ஏஎச், பின்பக்கத்தில் அதே 50, 12, 5 மெகாபிக்சல் கேமராக்கள், தண்ணீர் தாங்கும் தரமும் அதே ஐபி67. மாறியது என்று பார்த்தால் சிப் எக்ஸினோஸ் 1480லிருந்து 1580 ஆகியிருக்கிறது, திரை 6.6 அங்குலத்திலிருந்து 6.7, சார்ஜிங் 25 வாட்டிலிருந்து 45 வாட். ஆனால் பெட்டியில் சார்ஜர் கிடையாது, அந்த 45 வாட் வேகம் வேண்டுமென்றால் அடாப்டருக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும், உங்கள் பழைய சார்ஜரை மாட்டினால் பழைய வேகம்தான். செல்ஃபி கேமரா 32 மெகாபிக்சலிலிருந்து 12 ஆகியிருக்கிறது, எண் குறைந்ததற்காக அதைப் பெரிய நஷ்டமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

உங்களுக்கு நிஜமாகவே இடிக்கப்போவது மெமரி கார்டு. ஏ55இல் இரண்டாவது சிம் போடும் இடத்தில் கார்டு போட்டுக்கொள்ளலாம், ஏ56இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். துணி சாம்பிள், பிரிண்ட், லேபிள் என்று நாள் முழுக்கப் படம் எடுத்து பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அனுப்புகிற வேலை உங்களுடையது, 128 ஜிபி எவ்வளவு நாள் தாங்கும்? 256 ஜிபிக்குப் போனால் அறிமுக விலைப் பட்டியல்படி இன்னொரு 3,000. ஆகவே உங்கள் விஷயத்தில் 28,000க்கும் 39,000க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் 11,000 இல்லை, 14,000.

இதோடு நிறுத்தினால் ஏ55 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கான காலம் நீங்கள் பெட்டியைப் பிரிக்கிற நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஏ55க்கு ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட் என்றால் அது 2029 மார்ச் வாக்கில் முடியும். ஏ56க்கு ஆறு வருடம், 2031 வரை. இந்தத் தீபாவளியிலிருந்து எண்ணினால் ஏ55க்கு மீதி 41 மாதம், ஏ56க்கு 65 மாதம். விலையை இதால் வகுத்துப் பாருங்கள்: ஏ55க்கு மாதம் 683 ரூபாய், ஏ56க்கு 600. விலை குறைந்த போன் மாதக் கணக்கில் அதிகம் தின்கிறது! 256 ஜிபி ஏ56ஐ எடுத்தாலும் 646தான்.

ஆனால் அந்த 65 மாதமும் நீங்கள் அதை வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் ஒரு போனை மூன்றே முக்கால் வருடம் ஓட்டுகிறவர், அதையே 45 மாதம் என்று போட்டால் ஏ56க்கு மாதம் 867 ஆகிவிடும், பயன்படுத்தாத இருபது மாதத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டிய மாதிரி. விற்கும்போது ஏ56க்குக் கூடுதலாகக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் 11,000 கூடுதலாகக் கிடைக்காது.

இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் இழுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் பதில், இந்தத் தீபாவளிக்கு இரண்டுமே வேண்டாம்.

இந்த வரிசையில் ஏ54 வந்தது 2023 மார்ச், அப்புறம் 2024 மார்ச், 2025 மார்ச். அதே வழக்கப்படி அடுத்த மாடல் வந்தால், இன்னும் ஐந்து மாதத்தில் ஏ56தான் ‘போன வருட மாடல்’. பழைய மாடலை வாங்குவது புத்திசாலித்தனம்தான், ஆனால் அது பழசாகி ஒரு மாதத்தில் வாங்க வேண்டும், ஏழெட்டு மாதம் கழித்து அல்ல. ஏ55க்கு அந்த நேரம் போன மார்ச்சிலேயே போய்விட்டது. ஏ56க்கு இனிமேல்தான் வரப்போகிறது. அப்போதும் அதற்கு ஐந்து வருட அப்டேட் மீதமிருக்கும், 30,000 வாக்கில் இறங்கினால் மாதம் 500 ரூபாய்தான், நீங்கள் நான்கு வருடத்தில் மாற்றினாலும் 625. 33,000க்கு மேல் நின்றால் அவசரப்படாமல் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்.

பணத்துக்கு வழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மாதம் 3,500 கட்டத் தயாராகத்தானே கடைக்குப் போனீர்கள்? சம்பளம் விழுகிற அன்றே அந்த 3,500 தானாக வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகிற மாதிரி பேங்க் ஆப்பில் போட்டுவிடுங்கள். ஐந்து மாதத்தில் 17,500, போனஸ் 12,000, கூட்டினால் 29,500. இதற்கு ஆர்டி (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) எல்லாம் வேண்டாம், பெரும்பாலான பேங்குகளில் அதற்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும். சேமிப்பில் இருக்கும் 40,000ஐத் தொடாதீர்கள், உங்கள் சம்பளத்துக்கு அதுவே ஒரு மாதச் செலவுதான், எக்ஸ்போர்ட் லைனில் ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

ஐந்து மாதம் இந்த ஏ52எஸ்ஸை ஓட்டியாக வேண்டுமே? பேட்டரியை மாற்றுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், போட்டோக்களை வேறிடத்தில் ஏற்றிவிட்டு, முன்கூட்டியே விலை கேட்டுக்கொண்டு போங்கள், 3,000க்குள் என்றால் செய்யலாம், அதற்கு மேல் என்றால் ஒரு பவர் பேங்கோடு சமாளித்துவிடலாம். பின்மூடியைத் திறந்து ஒட்டிய பிறகு தண்ணீர் புகாது என்று நம்பி மழையில் நீட்டிவிடாதீர்கள். அந்த மாடலுக்கு ஆண்ட்ராய்டு 14தான் கடைசி, நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் இந்த 2025ஆம் வருடத்தோடு முடிகிறது. அதனால் இதிலேயே இரண்டு வருடம் ஓட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன், யுபிஐயும் பேங்க் ஆப்பும் அதில்தானே இருக்கின்றன. ஐந்து மாதம் பரவாயில்லை, கண்ட இடத்திலிருந்து ஆப் இறக்காமல் இருந்தால் போதும்.

அதற்குள் போன் செத்தே போய்விட்டால்? அப்போது ஏ55ஐ ரொக்கத்துக்கு வாங்குங்கள், சேமிப்பிலிருந்து எடுத்ததை அந்த 3,500ஐ வைத்தே திருப்பி நிரப்புங்கள். சீல் பிரிக்காத பெட்டி, உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில், இரண்டும் கட்டாயம். டிஸ்ப்ளேவில் வைத்திருந்த பீஸ், ஓப்பன் பாக்ஸ் என்று இன்னும் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தால், *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போனோ நகல் எண் போட்ட போனோ இல்லை என்று பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.