கடைக்கு ஒரு பெயர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னத் தோட்டம். காபியும் மிளகும். அப்பா இதுவரை பழத்தைப் பறித்துக் காயவைத்து வியாபாரியிடம் போட்டுவிடுவார். நான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாமே வறுத்து அரைத்து விற்கலாம் என்று திட்டம். அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு கடை, கூடவே ஆன்லைன் ஆர்டர். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பெயரில்தான் மாதக்கணக்காக நிற்கிறேன்.

‘ஷெவ்ப்ரூ’, ‘க்ளௌட்ஸ் ஓவர் ஷெவராய்ஸ்’, ‘ஏற்காடு காபி’ என்று மூன்று பெயர்கள் கையில் இருக்கின்றன (ஷெவராய்ஸ் என்பது நம் சேர்வராயன் மலைதான்). நாலாவது எங்கள் பாட்டியின் பெயர். நண்பர்கள் எல்லாரும் முதல் பெயர்தான் என்கிறார்கள், பாட்டி பெயர் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறதாம். நியூமராலஜி பார்க்கிறவர் ஷெவ்ப்ரூவை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இன்னொரு ‘யூ’ சேர்க்கச் சொல்கிறார். பெயர் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்தில் இருக்கலாமா? ஊர்ப் பெயரைச் சேர்ப்பது நல்லதா? நீங்கள் சேலத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பாட்டியின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

வியாபார யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் கடிதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் கடைப் போர்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். பாதிப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை. வாடகை, அட்வான்ஸ், இன்டீரியர் என்று லட்சக்கணக்கில் கொட்டியிருப்பார்கள். போர்டில் இருப்பதை வாசலில் நிற்கும் வாட்ச்மேனால் சொல்ல முடியாது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் ‘ஷெவ்ப்ரூ’ வந்து சேர்ந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். இன்னொரு ‘யூ’ வேண்டாம். உங்கள் தூளைக் குடித்துவிட்டு ஒருவர் போனில் தேடும்போது ஒரு ‘யூ’ போட்டுத்தான் தேடுவார், அந்த ஆர்டர் வேறு எங்காவது போய் விழும். லோகோ என்ன நிறம் என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்களே, அதைப் பெயர் முடிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்வியை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போர்டைப் பொறுத்தவரை சட்டமே முடிவு செய்துவிட்டது. 1948-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15-வது விதியைப் பாருங்கள். பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும், வேறு மொழி எழுதினால் அது தமிழுக்குக் கீழேதான் வரவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்று அளவு வைத்திருக்கிறார்கள். பெயர் எந்த மொழிச் சொல்லாக இருக்கலாம் என்பது வேறு விஷயம். 1935-இல் டி. ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் சினிமா ஸ்டூடியோ ஆரம்பித்தபோது வைத்த பெயர் முழு ஆங்கிலம், மாடர்ன் தியேட்டர்ஸ். லைட் தூக்குகிறவர், சமையற்காரர், ஜட்கா ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அது வாயில் வந்தது. ஸ்டூடியோ போய் எத்தனையோ காலமாகிவிட்டது, நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. இன்றைக்கும் அந்த இடத்துக்கு வழி கேட்டால் சேலத்தில் யாரும் முழிப்பதில்லை. உங்கள் தொழிலிலேயே பார்த்தால் நரசூஸ் இருக்கிறது, நம் சேலத்துக் கம்பெனிதான். மளிகைக் கடையில் நின்று ‘நரசூஸ் கால் கிலோ’ என்று கேட்க யாருக்காவது நாக்கு குழறுகிறதா?

நான் சொல்லவேண்டிய விஷயம் இதுதான். பெயரை வைக்கிறவர் நீங்கள், ஆனால் அதைப் புழங்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். பார்சல் ஆபீஸ்காரர், பஸ்ஸில் மூட்டை போடுகிற பையன், அடுத்த வீட்டு அம்மாவிடம் ‘எங்க வாங்குனீங்க’ என்று கேட்கிற பெண், பேங்க் கவுன்டரில் கூப்பிடுகிறவர். உங்கள் பெங்களூர் நண்பர்கள் இதில் எந்த இடத்திலும் இல்லை, அவர்கள் ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

எங்கள் சித்தப்பா போர்டு எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முந்தைய காலம். மரச் சட்டத்தில் தகரம் அடித்து, ரெட் ஆக்ஸைடு பூசிக் காயவைத்து, அதன் மேல் வெள்ளையோ மஞ்சளோ இரண்டு கோட் அடிப்பார். காய்ந்ததும் நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். தகரத்தில் ஒரு கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்குள் பெயர் அடங்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அதுதான் வேலை, நூல் பிடிப்பதும் எனாமல் டப்பாவைக் கலக்கிக் கொடுப்பதும்.

எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் சித்தப்பா ஒரு காரியம் செய்வார். கடைக்காரரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லி, ‘உங்க கடைப் பேரை இங்கிருந்து எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க’ என்பார். நடுவில் டவுன் பஸ் போகும், மாட்டு வண்டி போகும். ஒரே தடவையில் சித்தப்பாவுக்கு விளங்கினால் அப்படியே பிரஷ்ஷை எடுப்பார். ‘என்னங்க?’ என்று அவர் திருப்பிக் கேட்கும்படி ஆனால் அன்றைக்கு எழுத மாட்டார். ‘வீட்டுல பேசிட்டு நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிவிடுவார். கூலி போகிறதே என்று சித்திக்கு வருத்தம். எனக்கு அது எவ்வளவு பெரிய அறிவு என்று இப்போது தோன்றுகிறது.

செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். குலதெய்வத்தின் பெயர், அம்மா பெயர், இரண்டு பிள்ளைகளின் முதலெழுத்து, கடைசியில் சில்வர் ஆர்னமென்ட்ஸ் மேனுஃபேக்சரர்ஸ். சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய் எழுதிக்கொண்டார். போர்டு பட்டறையின் அகலம் முழுக்க வந்தது, எழுத்து எறும்பு மாதிரி. அவருடைய சொந்த வேலையாட்களே அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது, அதனால் அது வேப்பமரத்துப் பட்டறை. வடக்கே இருந்து கொலுசு எடுக்க வரும் வியாபாரிகளுக்கும் ரயில்வே ஸ்டேஷனில் வழி சொன்னவர்கள் வேப்பமரத்துப் பட்டறை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

சில வருஷத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் பட்டறை போட்டார். வந்த வியாபாரிகளில் பாதிப் பேர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். இவர் போய்ச் சண்டை போட்டார். ‘மரம் உங்களுதா?’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அவர். அப்புறம் சாக்கடை வேலைக்கு மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அந்த மனிதர் வெள்ளியில் கலப்படம் செய்யாதவர், கூலியை நிறுத்தி வைக்காதவர். சரக்கில் ஒரு குறையும் கிடையாது. நல்ல சரக்குக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லாமல் போன வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சொல்ல முடியாத பெயரை நீங்கள் வைத்தால் ஜனங்கள் பெயர் இல்லாமல் உங்களை விட்டுவைக்க மாட்டார்கள். அவர்களே ஒன்று வைத்துக்கொள்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கடை, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற காபிக் கடை, ஏதோ இங்கிலீஷ்ல பேர் வச்சிருப்பாங்களே அந்தக் கடை. அதில் எதுவும் உங்களுடையது ஆகாது. நாளைக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இன்னொருவர் காபித் தூள் போட்டால் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது?

‘ஏற்காடு காபி’ விஷயமும் இதேதான். வாயில் நன்றாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உங்கள் பெயர் இல்லை. 1820-களில் காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்திலிருந்து அந்த மலையில் காபி விளைகிறது. அந்த மலையில் செடி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் ஏற்காடு காபி என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்தில் 9-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஊரையோ சரக்கையோ வெறுமனே குறிக்கிற சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வருஷக்கணக்காகப் புழங்கி அது உங்களை மட்டுமே குறிக்கிறது என்று நிரூபித்தால் வழி உண்டு, அதற்கு உங்களிடம் காலமும் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. உங்கள் உழைப்பில் அந்தப் பெயருக்கு மதிப்பு ஏறினால் அடிவாரத்தில் வேன் வைத்து விற்கிறவருக்கும் சேர்த்து ஏறும். ஊர்ப் பெயரைப் பாக்கெட்டில் பெயருக்குக் கீழே போடுங்கள், எங்கே விளைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியட்டும். பெயராக வேண்டாம்.

‘க்ளௌட்ஸ் ஓவர் ஷெவராய்ஸ்’ பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அது டூரிஸ்ட் லாட்ஜுக்குப் போகட்டும்.

இப்போது பாட்டி பெயர். பட்டிக்காட்டுத்தனம் என்று அந்த நண்பர்கள் சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் தம்பி? கடிதத்தில் அது இல்லை. நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். அந்த மலையில் கூடை கட்டிப் பழம் பறித்த ஒரு மனுஷியின் பெயரைச் சொல்ல அவர் பேரனுக்குக் கூச்சம் என்றால், அவர் செடியில் விளைந்ததை விற்க என்ன முகம் இருக்கிறது? மூன்றே எழுத்து. எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்த பெயர். இன்றைக்கு யாரும் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை, அதனாலேயே ஒரு தடவை கேட்டால் மறக்காது. அதில் ‘ழ’ இல்லை, மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கவில்லை. ஹிந்திக்காரரும் சொல்வார், பெங்களூர்க்காரரும் சொல்வார். ஆங்கிலத்தில் எழுதினாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுத வரும்.

பாசத்துக்காக மட்டும் வைக்கச் சொல்லவில்லை. இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழத்தை எடுக்கிற வியாபாரிக்குப் போன் போட்டு, ‘இந்தப் பேருல கடை போடறேன்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். விளக்க வேண்டாம். நாலு நாள் கழித்து வேறு விஷயமாகக் கூப்பிட்டு, பேச்சோடு பேச்சாக, கடைப் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே மாதிரி ஷெவ்ப்ரூவையும் இன்னொருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் நின்று சேலம் பஸ் கண்டக்டரிடம் இரண்டு பெயரையும் சொல்லி, ‘அந்தக் கடைக்கு ஒரு பார்சல்’ என்று கொடுத்துப் பாருங்கள், எதைத் திருப்பிக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும்.

பாட்டி பெயர் தேறிவிட்டால் உடனே போர்டு எழுதக் கொடுத்துவிடாதீர்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் காசு கட்டாமல் தேடலாம். அங்கே சரக்குகளையும் சேவைகளையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தூளுக்கு 30-ஆம் வகுப்பு, கடையில் டம்ளரில் காபியும் கொடுப்பதாக இருந்தால் 43-ஆம் வகுப்பிலும் பாருங்கள். எழுத்து வேறாக இருந்து ஓசை ஒன்றாக இருந்தாலும் தகராறுதான், அதனால் சொல்லிச் சொல்லித் தேட வேண்டும். அங்கே இல்லையென்றால் சரியாகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். பதிவு செய்யாமலேயே ஒருவர் அந்தப் பெயரில் உங்களுக்கு முன்பிருந்து தொடர்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தால், உங்கள் சான்றிதழை வைத்து அவரைத் தடுக்க முடியாது. சேலம் லீ பஜாரில் இரண்டு மொத்தக் கடையில் விசாரித்தால் இந்த ஜில்லாவில் யார் என்ன பெயரில் தூள் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். தனி ஆளாக ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய். பதிவகத்தின் டிரேட்மார்க் பத்திரிகையில் வெளியான பிறகு 4 மாதம் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் 10 வருஷம், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்த மெஷினோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

சிக்கரி சேர்ப்பீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்த்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பாட்டி பெயருக்குக் கீழே அந்த எண்கள் வரும், அப்பாவையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.