ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களும் மழையில் போட்டோஷூட்டும்: வாசகர் கேள்வி பதில்

முகூர்த்த சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருவதால் இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி மழையைப் பற்றித்தான்.

கேள்வி: கார்த்திகை கடைசியில் எனக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் மாமல்லபுரம் கடற்கரையில் விடியற்காலை போட்டோஷூட் என்று பேசி அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. "மழை வந்தா காசு போச்சு, தள்ளிப்போடு" என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: எங்கே தள்ளிப்போடுவது? கார்த்திகை முடிந்தால் மார்கழி, அதற்குள் நீங்கள் மாமியார் வீட்டில் இருப்பீர்கள். தேதியை அப்படியே விடுங்கள், நேரத்தை மாற்றுங்கள். சென்னை, கடலூர், நாகை என்று கடலோரம் முழுக்க இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் நள்ளிரவில் பிடித்து விடியற்காலை வரை கொட்டிவிட்டு, மதியத்துக்கு மேல்தான் கொஞ்சம் ஓயும். சூரிய உதயத்துக்கு ஆசைப்பட்டு அதிகாலையில் போனால் மழையைத் தேடிப்போய் நனைந்த கதைதான். மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து 4.30-க்குள் முடிக்கப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் சென்னைப் பக்கம் 5.40 வாக்கில் சூரியன் மறையும், மேகம் கட்டியிருந்தால் 5 மணிக்கே இருட்டிவிடும். (மதுரை, திருச்சிப் பக்கத்து வாசகர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஐப்பசி இடிமழை சாயங்காலம்தான் அதிகம், அதனால் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.)

அப்புறம் இடம். ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாத கடற்கரையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கானாடுகாத்தான், காரைக்குடியின் செட்டிநாட்டு வீடுகளை மழைக்காலத்திலும் ஆட்கள் தேடிப் போவது சும்மா இல்லை. முற்றத்தில் மழை விழுந்துகொண்டிருக்கும், நீங்கள் தாழ்வாரத்துத் தூண் பக்கம் ஒரு சொட்டு படாமல் நிற்கலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மாமல்லபுரம் போகிற வழியிலேயே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது, செட்டிநாட்டு வீடு அங்கேயும் உண்டு. முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மேகமூட்டத்தில் எடுத்த முகம் உச்சி வெயிலில் எடுத்த முகத்தைவிட எப்போதும் நன்றாக இருக்கும். வானம் முழுக்க வெள்ளைத் துணி கட்டின மாதிரி வெளிச்சம் பரவி விழுவதால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் வராது, நகை பளீரென்று வெளுக்காது, யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.

ஆனால் இடி மின்னல் என்றாலோ வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்தாலோ பேச்சே இல்லை, ரத்துதான். கடற்கரையில் நிற்காதீர்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். அப்படி ரத்தானால் வேறு தேதி தருவாரா, அட்வான்ஸ் என்னவாகும் என்பதை போட்டோகிராஃபரிடம் இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு முகூர்த்த சீசனில் நிற்காது.

கேள்வி: மகளுக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டைக் கட்டித்தான் வெளிப்புறப் படம் எடுக்க வேண்டும் என்கிறாள். நனைந்தால் என்ன ஆகும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம் அம்மா. முகூர்த்தப் புடவையை மண்டபத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தூறல் பட்டாலே பட்டில் வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறை நிற்கும், அடர்ந்த நிறத்துப் பார்டராக இருந்தால் சாயம் உடல் பகுதிக்கு இறங்கவும் வாய்ப்பு உண்டு. மழைக்கென்று ஜார்ஜெட்டிலோ நல்ல சிந்தெட்டிக்கிலோ ஒரு புடவை தனியாக எடுத்துவிடுங்கள். மயில் கழுத்து, அரக்கு, கடுகு மஞ்சள் இதெல்லாம் சாம்பல் வானத்துக்கு எதிரே எடுப்பாகத் தெரியும். வெள்ளையும் வெளிர் நிறக் காட்டனும் நனைந்தால் உள்ளே தெரியும், படம் வந்த பிறகு வருத்தப்படுவதில் பிரயோசனம் இல்லை. புடவைக் கரையில் சேறு படாமல் இருக்க உள்பாவாடையையும் புடவையையும் வழக்கத்தைவிட இரண்டு விரல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மீறிப் பட்டு நனைந்துவிட்டால் தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுத்து, நிழலில் ஃபேனுக்குக் கீழே விரித்துப் போடுங்கள். நிறையப் பேர் அப்படியே பிளாஸ்டிக் கவரில் சுருட்டி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், ஜரிகை கறுப்பது அங்கேதான்.

நகையில் ஒரு விஷயம்: வாடகை செட்டில் பின்கழுத்தில் கட்டுகிற சிவப்புக் கயிறு நனைந்தால் சாயம் இறங்கி பிளவுஸ் முதுகில் ஒரு கோடு விழும். முந்தின நாளே கயிற்றை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் கேமராமேன். மழை பெய்தால் எப்படி எடுப்பது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, மழைத் துளியைவிட ஏசிதான் முதல் எதிரி. ஜில்லென்று இருக்கிற ரூமிலிருந்து கேமராவை அப்படியே ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் மொத்தமும் பனி படிந்து ஒன்றுமே தெரியாது. பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டு எடு. லென்ஸ் மாற்றுகிற வேலையை கூரைக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள். ரெயின் கவர் இல்லையா, ஓட்டலில் கொடுக்கிற ஷவர் கேப்பில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு மாட்டு, தூறலுக்கு அது போதும்.

மழை படத்தில் தெரிய வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக இருக்கணும், வெளிச்சம் பின்னாலிருந்து வரணும். வெள்ளைச் சுவரை வைத்து எடுத்தால் எவ்வளவு கொட்டினாலும் ஒரு கோடுகூடத் தெரியாது. அடர்ந்த மரத்தையோ பழைய கதவையோ பின்னால் வைத்து, ஜோடிக்குப் பின்னே ஒரு ஃப்ளாஷை ஒளித்து வைத்துப் பார். ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 நொடி என்றால் துளி துளியாகவே நிற்கும், 1/60-க்கு இறக்கினால் கோடாக இழுக்கும். எனக்குப் பிடித்தது கோடுதான், ஆனால் ஆட்கள் அசையாமல் நிற்கணும்.

லைட் எல்லாம் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். ஈரத்தரையில் ஜெனரேட்டர் ஒயர் இழுக்கவே கூடாது. கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டால் உடனே ஆஃப் செய்து பேட்டரியையும் கார்டையும் கழற்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வை. அரிசியில் புதைக்காதே, மாவுதான் உள்ளே போகும்.

கேள்வி: குடை என்ன நிறத்தில் வாங்கலாம்? (வாசகி, கடலூர்)

பதில்: கண்ணாடி மாதிரி தெரிகிற குடை. சிவப்புக் குடை பிடித்தால் முகமும் சிவக்கும், பச்சை பிடித்தால் காய்ச்சல் வந்த முகம்.

கேள்வி: திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். மழை பெய்தால் அவர்களை நல்லபடியாக ஒரு படம் எடுக்க முடியுமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கலசத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கில் அவர்கள் எப்படியும் நனையத்தான் போகிறார்கள், அந்தப் படத்தில் மழை கூடுதல் தொந்தரவு இல்லை. நிதானமான படத்துக்குத் தங்கியிருக்கிற அறையே போதும். தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, அம்மாவுக்குச் சூடாக ஒரு காபி கொடுத்துவிட்டு இருவரையும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டடிக்கும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். அப்பா மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாலே போய்விடும்.