கிருஷ்ணகிரி மலைகளுக்கு வெள்ளையடித்தால் பூமி குளிருமா?

சையத் பாஷா மலைக்கும் சுற்றியுள்ள கரடுகளுக்கும் சுண்ணாம்பு அடித்தால் புவி வெப்பம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிறுக்கு யோசனை என்று தள்ளாதீர்கள். பெரு நாட்டில் 2010-இல் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். பனி உருகி மொட்டையான ஆண்டீஸ் பாறைகளில் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, தண்ணீர் கலந்து பூசினார்கள். (செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சிலும் சுண்ணாம்போடு வெள்ளைக்கரு உண்டு!)

அடிப்படை சரியானதுதான். மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் நம் பாறைகள் அனலடிப்பது, பகலில் குடித்த வெயிலை வெப்பமாகக் கக்குவதால். அந்த வெப்பத்தைத்தான் கரியமில வாயு பிடித்துவைக்கிறது. வெள்ளைப் பரப்போ வெயிலை ஒளியாகவே திருப்பி அனுப்பிவிடும். ஒளியை அந்த வாயு பெரிதாகத் தடுக்காது.

ஆனால் பூமியில் 71 சதவீதம் கடல். நம் மலைகள் எம்மாத்திரம்? சுண்ணாம்பு மழையில் கரையும். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வேறு வெளியேறும். பாறை இடுக்கில் வாழும் செடிகளும் ஓணான்களும் என்னாகும் என்பதே என் பெரிய கவலை.

15 லட்சம் கி.மீ. தள்ளி, விண்வெளியில் கோடானுகோடி வில்லைகளால் பூமிக்குக் குடை பிடிக்கும் யோசனையும் 2006-இல் வந்தது, செலவு கட்டாது.

மலையை விடுங்கள், மொட்டை மாடிக்கு அடியுங்கள். கீழே படுப்பவர்களுக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.